நான்கா, ஐந்தா

எங்கள் குடியிருப்பில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். நாங்கள் நான்கு குழு. திங்கட்கிழமை காலை தண்ணீர்த் தொட்டியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான்கை ஐந்தாக்குவது பற்றி ஆலோசிப்பதாகவும், வெள்ளிக்கிழமை முடிவு என்றும் அதில் இருந்தது.

நான் மூன்றாம் குழு. என் மனைவி பூங்கோதையும் மூன்றாம் குழு. கல்யாணமான நாளிலிருந்து, அதாவது இருபத்திரண்டு வருஷமாக, இதில் மாற்றமில்லை.

குழு பிரிப்பதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. எழுபத்திரண்டு கேள்விகள் உள்ள படிவம் ஒன்று தருவார்கள். கை கழுவியதும் உதறுவீர்களா, துடைப்பீர்களா? பூட்டிய பூட்டை எத்தனை தடவை இழுத்துப் பார்ப்பீர்கள்? பேப்பரை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பீர்கள்? ஒரே மாதிரி பதில் எழுதியவர்களை ஒரு பக்கமாகக் குடிவைப்பார்கள். குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் ஒன்பதடிச் சுவர் எழுப்புவார்கள். ஒரு குழுக்காரர் இன்னொரு குழுவின் வீட்டில் சாப்பிடக் கூடாது, தூங்கக் கூடாது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பேசலாம். அதற்குத் தடையில்லை.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாற்காலி உண்டு. குழுவின் நட்டநடுவில் அதைப் போட்டிருப்பார்கள். யாரும் உட்காரக் கூடாது. ஆள் சேர்ந்தாலோ போனாலோ நடு நகரும், நாற்காலியும் நகரும். போன வருஷம் மூன்றாம் குழுவின் நடு எங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டது. கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் மத்தியில் நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனார்கள். கோதை தினமும் அதைத் துடைப்பாள். நான் அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடிப்பேன்.

நோட்டீஸின் கீழ்ப்பாதியில், ஐந்தானால் யார் எதில் என்று பட்டியல் இருந்தது. தில்லைநாயகம், மூன்று. அது நான். பூங்கோதை, ஐந்து.

நான் லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறவன். லாரியைச் சரக்கோடு நிறுத்துவேன். பிறகு காலியாக நிறுத்துவேன். அதிலிருந்து இதைக் கழித்தால் சரக்கு. அளவு பொய் சொல்லாது என்று நம்பியே இத்தனை காலம் சோறு தின்றவன். அந்த நோட்டீஸை ஏழு தடவை படித்தேன். ஏழு தடவையும் அவள் ஐந்தில்தான் இருந்தாள்.

வீட்டுக்குப் போனேன். கோதை மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நோட்டீஸ் பாத்தீங்களா?"

"ம்."

"என்னை அஞ்சுல போட்டிருக்காங்க."

"ம்."

"நடுவுல செவுரு வச்சிடுவாங்கங்க."

"ம்."

எனக்கு இதற்கு மேல் வாயில் வராது. படிவத்தில் நாற்பத்தொன்றாவது கேள்வியே இதுதான். 'வீட்டில் கூப்பிட்டால் எப்படிப் பதில் சொல்வீர்கள்?' நான் 'ம்' என்று எழுதியிருந்தேன். அன்றைக்கு அந்த 'ம்'மைச் சொல்லும்போது என் வயிறு கலங்கிப்போயிருந்தது. இவள் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை குழு அலுவலகத்துக்குப் போனேன். அதன் நடைபாதை எல்லோருக்கும் ஒரே நீளம் கிடையாது. தன் குழுவின் நடுவுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது குட்டை. ஓரத்தில் இருப்பவர்களுக்கு நீளம். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எனக்குப் பின்னால் கிளம்பிய பால் டிப்போக்காரர் எட்டே எட்டு அடியில் போய்ச் சேர்ந்துவிட்டார். நாற்காலி என் வீட்டுச் சமையலறையில் கிடக்கும்போது எனக்கு எப்படி நீளும் என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்க ஆள் இல்லை.

ஜன்னலுக்குப் பின்னால் மெஹருன்னிசா மேடம் இருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"என்ன விஷயம்?"

"குழு எண்ணிக்கை விஷயமா, மேடம்."

"எத்தனை வேணும்?"

"நாலு."

"எல்லாரும் அவங்கவங்க சௌகரியத்துக்கு ஒரு நம்பர் சொல்றீங்க. காலையில ஒருத்தர் வந்து நானூத்திப் பன்னெண்டு கேட்டார்."

"அது எப்படி மேடம் முடியும்?"

"ஏன் முடியாது? ஆளுக்கு ஒரு குழு. நடுவும் நீங்களே, ஆளும் நீங்களே. தூரமே இருக்காது. இருக்கறதுலயே அதுதான் சுத்தம். ஆனா நாற்காலி ஸ்டாக் இல்ல."

"அப்ப ஒண்ணு போட்டுடுங்க மேடம். எல்லாரும் ஒரே குழுவா இருந்துட்டுப் போறோம்."

"போடலாம். ஆனா ரிஜிஸ்டர்ல 'அடுத்த குழு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. ஒரே குழுன்னா அதுல என்ன எழுதறது? காலியா விடக் கூடாது."

"நாங்க புருஷன் பொண்டாட்டி மேடம்."

"அந்தக் கேள்வி படிவத்துல இல்லையே."

"சேத்துக்கலாமே."

"சேத்தா எழுபத்திமூணு ஆயிடுமேங்க" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

என்னைக் கண்காணிப்பாளரிடம் அனுப்பினார். அவர் பெயர் இருதயராஜ். வலது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார். அவர் அறையின் சுவரில் ஒரு கோடு வரைந்திருந்தது. இடது மூலையில் உயரத்தில் தொடங்கி, வலது மூலையில் தரைக்குப் பக்கத்தில் முடிந்தது. கீழே ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள்.

"ஒரே குழுன்னா எல்லாரும் நடுவுலேர்ந்து ரொம்பத் தூரம்" என்றார் இருதயராஜ். "ரெண்டாக்கினா தூரம் குறையும். மூணாக்கினா இன்னும் குறையும். மொதல்ல மடமடன்னு குறையும். அப்புறம் எவ்வளவு பிரிச்சாலும் பெருசா குறையாது. கோடு எங்க மடங்குதோ அங்க நிறுத்திக்கணும். நாங்க அதை முழங்கைன்னு சொல்வோம்."

நான் கோட்டைப் பார்த்தேன். எங்கேயும் மடங்கவில்லை. பூங்காவில் இருக்கும் சறுக்குமரம் போல ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போனது.

"எனக்கு மடங்கின மாதிரி தெரியலையே சார்."

"கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் கை." அவர் எழுந்து தன் வலது கையைக் கோட்டின்மேல் வைத்துக் காட்டினார். தோள் ஒன்றில் இருந்தது. விரல் நுனி பத்தில் இருந்தது. முழங்கை ஐந்தில் இருந்தது.

"இத்தனை வருஷம் நாலுலதானே சார் மடங்குச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். கட்டுப் போட்டதுலேர்ந்து அஞ்சுலதான் மடங்குது."

"கட்டு எப்ப சார் பிரிப்பாங்க?"

"டாக்டர் ஆறு வாரம்னார்."

"முடிவு வெள்ளிக்கிழமையாச்சே?"

"ஆமா."

அவர் கட்டைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாக இறுகியிருந்தது. ஐம்பத்தொரு வயதில், முன்பின் தெரியாத ஒருவர் காலில் விழக் குனிந்தேன்.

"விழாதீங்க, தூரம் மாறிடும்" என்று அவர் காலை இழுத்துக்கொண்டார். "கை மட்டும் இல்ல. மார்க்கும் பாப்போம். சொந்தக் குழு ஆளுங்ககிட்ட நெருக்கமா இருக்கணும். அடுத்த குழுவுக்கு எட்டத்துல இருக்கணும். அப்படி இருந்தா ஒண்ணு. எடம் தப்பி உக்காந்திருந்தா கழித்தல்ல போகும். எல்லாரோட மார்க்கையும் சேத்து சராசரி எடுப்போம். நாலுக்கு ஒரு சராசரி. அஞ்சுக்கு ஒரு சராசரி."

"அஞ்சுல என் மார்க் என்ன சார்?"

அவர் ஏட்டைப் புரட்டினார். "பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ரெண்டு. செவுத்து மேலயே நிக்கறீங்க."

"என் வீட்டுக்காரிக்கு?"

"அவங்களும் செவுத்து மேலதான். அந்தப் பக்கம் பாத்து."

நான் அழுதேன். இருதயராஜ் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு வழி இருக்கு. ஒரு பன்னெண்டு பதிலை அவங்க மாதிரி மாத்தினீங்கன்னா நீங்க அந்தப் பக்கம் எறங்கிடுவீங்க. ரெண்டு பேரும் அஞ்சுல இருக்கலாம். மறுபதில் படிவம்னு ஒண்ணு இருக்கு. ஆளுக்கு ஒரு தடவைதான் தருவோம். வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள போட்டுடணும். பொய்யா எழுதக் கூடாது, சோதிச்சுப் பாப்போம். வீட்டுல யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னா செல்லாது."

"சும்மா எழுதினா போதாதா சார்? நெஜமாவே மாறணுமா?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார் இருதயராஜ்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக உட்கார வருகிறவர் சொல்வதும் இதைத்தான். இதைச் சொன்னால் மறுத்துப் பேச எனக்குத் தெரியாது. சரி சார் என்றேன். வெளியே வரும்போது, குடைகள் மாட்டும் கம்பியில் கைப்பிடிக்குப் பச்சை நூல் சுற்றிய ஒரு குடை தொங்கியது. கோதையின் குடைக்கும் பச்சை நூல்தான். ஊரில் பச்சை நூலுக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் மாற முடியாது. கோதை பார்த்துவிடுவாள். அதனால் உத்தண்டராமன் வீட்டுக்குப் போனேன். அவர் நான்காம் குழு. நான்காம் குழுவே அவர்தான். எழுபத்திரண்டு கேள்விக்கும் அவர் எழுதிய பதில் வேறு யாரோடும் ஒட்டவில்லை. நாலு பக்கமும் சுவர், நடுவில் அவர். நடு என்பது அவரே என்பதால் குழு நாற்காலியில் உட்கார அனுமதி உள்ள ஒரே மனிதர். சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. உள்ளே போகலாம், சாப்பிடவும் தூங்கவும்தான் கூடாது.

"தனியா இருக்கறது எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"தூரம் இல்ல" என்றார் உத்தண்டராமன்.

"மார்க்?"

"ஒத்தை ஆளுக்கு மார்க் போட வழியில்லையாம். பூஜ்யம்னு எழுதிட்டாங்க."

அவர் பல வருஷமாக எழுந்திருக்கவில்லை. முதுகில் பிரம்புப் பின்னல் விழ ஆரம்பித்திருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவர் வீட்டுக்குப் போய் அவர் முதுகைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை.

கோதையின் பதில்கள் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் மூன்றுக்கு மேல் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒருத்தியோடு இருந்துவிட்டு மூன்று. எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. புதன்கிழமை காலை அவளைக் கவனித்தேன். அதிலும் ஒரு சிக்கல். அவள் அவளாக இல்லை. எப்போதும் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவள், அன்றைக்குப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். முந்தானையில் கை துடைப்பவள், ஈரக் கையை உதறிவிட்டு நின்றாள். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினாள். பாவம், கவலையில் தன் நினைப்பே இல்லை என்று எண்ணிக்கொண்டேன். அவளைப் பார்த்து எழுதினால் தப்பாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு பழைய கோதையை நினைத்து நினைத்து எழுதினேன்.

மெல்லப் பன்னிரண்டும் வந்தது. பூட்டை மூன்று தடவை இழுப்பாள். மழை பெய்தால் ஜன்னலைத் திறப்பாள். யாராவது வெளியே கிளம்பினால் அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நிற்பாள். நான் தினமும் அந்தத் தெருமுனை திரும்புகிறவன். ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அப்புறம் எப்படி இது எனக்குத் தெரிந்தது என்று யோசித்தேன். எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

பதினொன்று சுலபம். நாற்பத்தொன்றுதான் உயிரை எடுத்தது. கோதை என்று கூப்பிட்டால், எந்த வேலையாக இருந்தாலும், "இதோ வந்துட்டேங்க" என்று குரல் வரும். குரலுக்குப் பின்னாலேயே அவளும் வருவாள்.

உத்தண்டராமனைக் கூப்பிடச் சொன்னேன்.

"தில்லை."

"ம்."

"தில்லை."

"ம்."

"தில்லை."

"ம்... இதோ."

புதன்கிழமை மாலைக்குள் முந்நூறு தடவை கூப்பிட்டிருப்பார். வியாழக்கிழமை காலை அவருக்குக் குரல் மரம் உரசுவது போல வந்தது. கால்கள் நான்காகியிருந்தன. இருந்தும் விடாமல் கூப்பிட்டார். அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கு "தில்லை" என்றார். "இதோ வந்துட்டேங்க" என்றேன். யோசிக்காமல் வந்தது. எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றும்விட்டேன். அவர் கண் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் சந்தோஷப்பட்டார் என்றுதான் தோன்றியது.

அலுவலகத்துக்கு ஓடினேன். ஒன்றை நான் யோசிக்கவில்லை. மாறிவிட்டதால் இப்போது மூன்றாம் குழுவின் நடுவிலிருந்து நான் ரொம்பத் தூரம். நடைபாதை அதற்கேற்ற மாதிரி நீண்டுகிடந்தது. முதல் கதவில் கடிகாரம் இரண்டே கால். இருநூறாவது கதவில் நாலே கால். ஜன்னல் கண்ணுக்கே தெரியவில்லை. ஐம்பத்தொரு வயதில் அப்படி ஓடினேன். செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் வெகு தூரத்தில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. நடுநடுவே ஒரு குடை நுனி தரையில் தட்டியது. என்னைப் போல இன்னொரு துரதிர்ஷ்டம் பிடித்த ஆத்மா என்று நினைத்தேன். அவருக்கும் நேரம் போதட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

ஐந்துக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது ஜன்னலைப் பிடித்தேன். உறையை நீட்டினேன். மெஹருன்னிசா மேடம் அப்போதுதான் வேறொரு உறையை மேஜைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சடிக்கப் போகுது. நாளைக்கு எல்லாரோட வரிசையில வந்து நில்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திரும்பி நான்கு அடி நடந்தேன்.

"தில்லைநாயகம்!"

"இதோ வந்துட்டேங்க" என்று ஓடினேன்.

அவர் என் படிவத்தில் 'உண்மை' என்று முத்திரை குத்தினார். பிறகு மேஜைக்குள் இருந்த உறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல. ரகசியம்" என்று ஜன்னலை மூடினார்.

வெள்ளிக்கிழமை காலை நானூற்றுப் பன்னிரண்டு பேரும் மைதானத்தில் கூடினோம். உத்தண்டராமனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கோதையின் பக்கத்தில் நின்று அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"கையைப் பிடிச்சா தூரம் குறையாதுங்க" என்றார் மெஹருன்னிசா மேடம். அதற்காக விடவும் சொல்லவில்லை.

இருதயராஜ் மேடைக்கு வந்தார். அவர் கையில் கட்டு இல்லை. அரிப்புத் தாங்காமல் நேற்று ராத்திரி அவரே உடைத்துவிட்டாராம். கோட்டை ஒரு துணியில் வரைந்து தொங்கவிட்டிருந்தார்கள். வெறும் கையை அதன்மேல் வைத்தார். முழங்கை நான்கில் மடங்கியது.

என்னையறியாமல் கத்திவிட்டேன். "நாலு! நாலு கோதை!" அவள் கையைப் பிடித்து உலுக்கினேன். அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை நாலுங்குது" என்றார் இருதயராஜ். "மார்க்கைப் பாப்போம். திங்கக்கிழமை நிலவரப்படி அஞ்சுக்கு சராசரி மோசம். மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ரெண்டு பேர் செவுத்து மேல நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கலங்கலா வச்சிருந்தாங்க. அதனாலதான் எங்களால துணிஞ்சு அஞ்சுன்னு சொல்ல முடியல. நேத்து அஞ்சு மணிக்கு ரெண்டு பேருமே செவுத்த விட்டு எறங்கிட்டாங்க. இப்ப பிரிவு கண்ணாடி மாதிரி இருக்கு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு சராசரி வந்ததே இல்ல. குழு அஞ்சு."

எல்லோரும் கை தட்டினார்கள்.

"அந்த ரெண்டு பேருக்கும் ஆபீஸ் சார்பா நன்றி" என்று அவர் படித்தார். "தில்லைநாயகம், அஞ்சு. மார்க் பூஜ்யம் புள்ளி ஒம்போது. பூங்கோதை, மூணு. மார்க் பூஜ்யம் புள்ளி ஒம்போது."

நான் மேடை ஏறினேன். யாரும் தடுக்கவில்லை. மேஜைமேல் இரண்டு படிவங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது கோதையின் உருண்டை எழுத்து. பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை. மழை பெய்தால் ஜன்னலைச் சாத்துவேன். கையை உதறுவேன். நாற்பத்தொன்றுக்கு எதிரே 'ம்' என்று ஒற்றை எழுத்து. அதை எழுத அவள் எங்கே போய்ப் பழகினாளோ, யாரைக் கூப்பிடச் சொன்னாளோ.

"சார், மாத்தித் தந்துடறோம் சார்" என்றேன். "யாராவது ஒருத்தர் மட்டும் பழையபடி மாறிக்கறோம்."

"ஆளுக்கு ஒரு தடவைதாங்க."

"எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இப்ப எவ்வளவு தூரம்?"

அவர் ஏட்டைப் பார்த்தார். "முன்னாடி இருந்த அதே தூரம். ஒரு நூல்கூடக் குறையல."

எடை மேடையில் இரண்டு லாரிகள் வந்து, இதன் சரக்கை அதிலும் அதன் சரக்கை இதிலும் மாற்றிக்கொண்டு போனால் மொத்தத்தில் ஒரு கிலோகூட மாறாது. இதை நான் முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

"நாங்க ஒண்ணுமே செய்யாம வீட்டுல சும்மா இருந்திருந்தா?"

"நாலுதான்" என்றார் இருதயராஜ். "இனிப்பு எடுத்துக்கோங்க" என்று தட்டை நீட்டினார். ரவா லட்டு. நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். கீழே வந்து கோதையிடம் ஒன்றைக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் சாப்பிட்டோம். மத்தியானம் வரைக்கும் நாங்கள் ஒரே குழுதான்.

சுவர் எங்கள் சமையலறை வழியாகத்தான் போனது. கிரைண்டர் என் பக்கம், ஃபிரிட்ஜ் அவள் பக்கம். நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் தரையில் நான்கு வட்டத் தடங்கள் உண்டு. சுவர் எழும்பியதும் இரண்டு தடம் இந்தப் பக்கம் வந்தது. மற்ற இரண்டும் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஐந்தாம் குழுவுக்குப் புது நாற்காலி தேவைப்பட்டது. ஸ்டாக் இல்லாததால் உத்தண்டராமனைக் கொண்டுவந்து போட்டார்கள். மைதானத்தின் வடக்கு மூலையில் இருக்கிறார். போகும்போதும் வரும்போதும் நான் அவரைத் துடைத்துவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை நான் வேலைக்குப் போகவில்லை. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மழை வந்தது, ஜன்னலைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. பத்து மணிக்கு அவள் வெளியே கிளம்பினாள். நான் வாசலுக்கு ஓடினேன். ஒன்பதடிச் சுவரில் வாசல் பக்கம் மட்டும் செங்கல் போதாமல் ஐந்தடியில் விட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே அவள் தலை போனது. தெருமுனை திரும்பும்வரை நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒருத்தி இப்படித் தினமும் நின்றிருக்கிறாள் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்குத் திரும்பி வந்தாள். அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம். பிறகு ஈரக் கையை உதறும் சத்தம். துளிகள் சுவரில் பட்டன. அவள் சமையலறையில், தடங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. இப்போது எனக்கு வாயில் வருகிறது. தடையில்லாமல் வருகிறது.

"என்னங்க" என்று கூப்பிட்டேன்.

"ம்" என்றாள்.

"நீங்க இல்லாம எனக்கு ஒரு நாள்கூட ஓடாதுங்க."

"ம்."

அந்த 'ம்' எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். வயிற்றைக் கலக்கிக்கொண்டு வரும். அதற்கு மேல் ஒரு எழுத்து வராது. அந்தப் பக்கம் அவள் தண்ணீர் குடிக்கப் போகும் காலடி கேட்டது. இல்லாத நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"என்னங்க" என்றேன் மறுபடியும்.